புள்ளி வைத்த ஃபோல்டர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் மேசையைத் துடைப்பது லிஃப்ட்காரரின் வேலை. வேறு ஆள் இல்லாத வீட்டில் எல்லா வேலையும் அவருடையதுதான். இருந்தாலும் இதை மட்டும் ஏதோ பொறுப்பேற்றுக்கொண்டவர் போலச் செய்வார். பழைய பனியனைக் கிழித்த துணி, ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர். துணியை ஒட்டப் பிழிந்து, திரையில் ஆரம்பித்து மவுஸில் முடிப்பார். கீபோர்டின் இடுக்குகளுக்கு ஒரு பழைய டூத் பிரஷ். பழுது பார்க்கப் போகிற லிஃப்ட்களில், கதவு ஓடும் பள்ளத்தில் சேருகிற மண்ணை எடுக்கவும் அவர் பையில் இதே மாதிரி ஒன்று இருக்கும்.

மெஷினை அணைத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அதைத்தான் சொல்லுவார். இந்த ஒரு மெஷினை மட்டும் அவர் அணைப்பதில்லை. அணைத்தால் மறுபடி இதே மாதிரி எழுந்து வருமோ வராதோ என்று ஒரு பயம்.

அன்றைக்குத் துணி கீபோர்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்ததும் திரையில் கசகசவென்று ஏதோ நிறைந்தது. வழக்கமாக ஏழெட்டு ஃபோல்டர் மட்டும் இருக்கிற ஜன்னலில், இடம் போதாமல் கீழே வழிந்து போகிற அளவுக்கு ஒரு கூட்டம். எல்லாம் வெளிறிப்போய், பாதி உயிராக நின்றன. ஒவ்வொன்றின் பேருக்கு முன்னாலும் ஒரு புள்ளி.

லிஃப்ட்காரர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். பிறகு கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, தெருமுனையில் கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் என்பது தெருவில் வைத்த பேர். ஊசி தவிர எல்லாம் போடுவார் என்று சொல்லுவார்கள்.

"அண்ணே, இன்னிக்கு லீவு. லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா நீங்க ஓடணும், நியாயம். கம்ப்யூட்டர்ல யார் மாட்டிக்கப் போறாங்க?"

"மாட்டிக்கிட்டுத்தான்ப்பா இருக்காங்க. ஒரு பஸ் கூட்டம் நிக்குது. வந்து பாரு."

டாக்டர் மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே திரையைப் பார்த்தார். சிரித்தார்.

"லிஃப்ட்காரர் வீட்டுக்கு லிஃப்ட் இல்லாம நடந்து வர்ற கொடுமை எனக்கு. இது ஒண்ணும் இல்லண்ணே. எப்பவும் இருக்கிறதுதான். பேருக்கு முன்னாடி புள்ளி இருந்தா கண்ணுக்குக் காட்டாது. நீங்க துடைக்கிறப்ப ரெண்டு பட்டன் ஒண்ணா அமுங்கிடுச்சு, திரை விலகிடுச்சு. இந்தா பாருங்க." இரண்டு விரலால் அமுக்கினார். கூட்டம் மறைந்தது. மறுபடி அமுக்கினார். வந்தது.

"வைரஸா?"

"அண்ணி."

"என்னது?"

"அண்ணியோட பழக்கம்ணே இதெல்லாம். எழுத்து எவ்வளவு பெருசா வேணும், மவுஸ் எந்தக் கைக்கு, எந்த வேலையை எந்தப் பக்கத்துல விட்டாங்க, எத்தனை மணிக்கு எதை ஞாபகப்படுத்தணும். மெஷின் தினமும் கேட்டுக்கிட்டா இருக்கும்? ஒரு தடவை சொன்னா இதுக்குள்ள குறிச்சு வச்சுக்கும். கைய வச்சிடாதீங்க."

"வச்சா? மெஷின் கெட்டுப்போயிடுமா?"

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது. ஆளை மறந்துடும், அவ்வளவுதான்."

டாக்டர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கிப் போனார். லிஃப்ட்காரர் துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சோப்புத் தண்ணீர் ஆறி நுரை அடங்கிப் போயிற்று.

அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே அச்சகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கும் பொடி எழுத்துத் தாள், பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் செய்வாள். இடது கைக்காரி. மவுஸ் மேசையின் இடது பக்கம் இருக்கும், பட்டன்கள் இடம் மாறியிருக்கும். வேலையில் உட்கார்ந்துவிட்டால் உலகம் மறந்து போகும். பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடெல்லாம் கேஸ் நாற்றம் வந்த ஒரு நாள், பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டிச் சத்தம் போட்ட பிறகு, அவளே மெஷினில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி வரும். 'அடுப்பைப் பார். போன தடவை பால் போச்சு' என்று அதில் இருக்கும். கூடவே டிங் என்று ஒரு சத்தம்.

மகளுக்குப் பிரசவம் என்று போனாள். ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்றுதான் சொன்னாள், பொய் சொல்லவில்லை. பிறகு குழந்தைக்குக் காய்ச்சல், மகளுக்கு வேலை மாற்றம், பார்த்துக்கொள்ள வந்த பெண் நின்றுவிட்டாள், குழந்தை நடக்க ஆரம்பித்து எதையாவது இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. காரணங்கள் ஒன்றன் பின் ஒன்றாக, வரிசையில் நிற்கிற மாதிரி, நியாயமாகவே வந்தன. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் சமாதானத்துக்கு ஆள் அனுப்பலாம். இதற்கு யாரை அனுப்புவது?

தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் போனில் முகம் பார்த்துக்கொள்வார்கள்.

"சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான்."

"என்ன?"

"இருக்கு ஏதோ."

அதற்குள் பேத்தி போனைப் பிடுங்குவாள். கொஞ்ச நேரம் ஒரு குட்டி உள்ளங்கால் தெரியும், அப்புறம் கூரை தெரியும், அப்புறம் கட்டாகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், லிஃப்ட்காரர் பேசத் தெரியாதவர் இல்லை. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே யாராவது அலறினால், தொழிலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மேலே மெஷின் அறையில் உதவியாள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, இவர் கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். "அம்மா, உள்ள எத்தனை பேர்? நீங்க ஒருத்தர்தானா? அப்ப ராஜ வாழ்க்கை. காத்து நல்லா வரும், பயப்படாதீங்க. பையில என்ன வச்சிருக்கீங்க, காய்கறியா? என்ன விலை சொன்னான்? அநியாயமா இருக்கே!" இப்படியே கதவு திறக்கிற வரைக்கும் இழுப்பார். வெளியே வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். சொந்த வீட்டு விஷயத்தில் மட்டும் அந்த வாய் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது.

மனைவி போன பிறகு, கட்டடங்களுக்குக் கொடுக்க வேண்டிய சர்வீஸ் ரிப்போர்ட்டை அவர் அந்த மெஷினிலேயே அடிக்கப் பழகினார். அவளுடைய பேரில், அவளுடைய பாஸ்வேர்டில். அவளே முன்பு 'லிஃப்ட்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருந்தாள், அதில் சேமித்தார். மவுஸை மட்டும் வலது பக்கம் மாற்றவில்லை. வலது கைக்காரர் இடது கையால் மவுஸ் அம்பை ஓட்டுவது, குடித்தவன் சைக்கிள் ஓட்டுவது மாதிரி ஆரம்பத்தில் திரையெல்லாம் சுற்றியது. பழகிப் போயிற்று. திடீரென்று ஒரு நாள் அவள் வந்து உட்கார்ந்தால், எழுந்து போன இடத்திலேயே உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற விஷயமா இது?

ஐந்து மணிப் பெட்டி வருவதும் நிற்கவில்லை. வீட்டில் இருக்கிற நாட்களில் டிங் என்றதும் எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பார். அடுப்பில் ஒன்றும் இருக்காது. பார்த்ததற்காக ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து, பெட்டியில் 'சரி' என்று அமுக்குவார். ராத்திரி போன் வரும் வரைக்கும் வீட்டில் பேச்சு வார்த்தை அதோடு முடிந்தது.

டாக்டர் வந்து போனதிலிருந்து இன்னொரு பழக்கம் சேர்ந்துகொண்டது. ரிப்போர்ட் முடிந்ததும் அந்த இரண்டு பட்டனை அமுக்கி, புள்ளி வைத்த ஃபோல்டர்களை வரவழைத்துப் பார்ப்பார். திறக்க மாட்டார். அடுத்தவர் அலமாரியைத் திறந்த மாதிரி ஒரு கூச்சம். பேருக்குப் பக்கத்தில் இருக்கிற தேதியை மட்டும் பார்ப்பார். பாதிக்கு மேல் அவள் ஊருக்குப் போன மாதத்திலேயே நின்றுவிட்டன. அவள் பக்கம் அமைத்த புரோகிராமின் ஃபோல்டர், அவள் பாட்டு கேட்டதின் ஃபோல்டர், எல்லாம் அப்படித்தான். ஒன்றிரண்டில் மட்டும் இன்றைய தேதி இருக்கும். அந்த ஒன்றிரண்டில் ஐந்து மணிப் பெட்டி இருக்கும் என்று அவர் நினைத்துக்கொள்வார். பார்த்துவிட்டு மறுபடி மறைத்துவிடுவார்.

ஒரு ராத்திரி போனில் அவள், "அடுத்த வாரம் வர்றேன்" என்றாள்.

"வாயேன்" என்றார். எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருப்பாளோ என்னவோ, அதற்குள் உள்ளங்கால் வந்துவிட்டது.

அந்த வாரம் லிஃப்ட்காரர் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினார், பீரோ கீலுக்கு எண்ணெய் விட்டார், அவள் பக்கத்துத் தலையணைக்கு உறை மாற்றினார். மேசையை இரண்டு தடவை துடைத்தார். நாற்காலியின் உயரத்தை அவளுக்கு ஏற்ற மாதிரி இறக்கினார்.

பஸ் நிலையத்தில் அவளுடைய பெட்டியை வாங்கியபோது கை சட்டென்று மேலே போயிற்று. காற்றாக இருந்தது.

"என்ன, ஒண்ணும் கொண்டாரலையா?"

"எதுக்கு? அதான் எல்லாம் இங்க இருக்கே."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் வீடு வரைக்கும் வந்தார். மூன்று மாடிப் படியும் தெரியவில்லை.

முதல் நாள் தூங்கினாள். இரண்டாம் நாள் பாத்திரங்களை இறக்கிக் கழுவினாள், பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேத்தியின் குறும்பையெல்லாம் சொல்லித் தீர்த்தாள். அவருக்கும் சொன்னாள். அவர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். மூன்றாம் நாள் அவருக்கு வேலை இல்லை. மத்தியானத்துக்கு மேல் சமையலறையில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தவள், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். லிஃப்ட்காரர் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார்.

அவள் வலது கையை நீட்டினாள். மவுஸ் அங்கே இல்லை.

"எங்கங்க மவுஸ்?" என்று தேடி, இடது பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டாள். "இன்னுமா இந்தப் பக்கம் வச்சிருக்கீங்க? பட்டனும் மாத்தல! எப்படிங்க வேலை பாத்தீங்க இத்தனை நாளா?"

"உனக்கு அதுதானே வசதி."

"எனக்கா? நான் வலது கைக்கு மாறி எவ்வளவோ நாளாச்சு. உங்க பேத்தி இடது தோள்லதான் தூங்குவா. இறக்கினா கத்துவா. ஒத்தைக் கைதான் மிச்சம். அதுல பழகிடுச்சு." மவுஸைத் தூக்கி வலது பக்கம் வைத்தாள். "மகராசி, ஒரு கையைப் பிடுங்கிக்கிட்டா."

லிஃப்ட்காரர் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என்ன பண்ணப் போறே?"

"அங்க ஒரு அச்சகத்துல பேசியிருக்கேங்க. வீட்லேருந்தே செய்யலாமாம். மாப்பிள்ளை ஒரு மெஷின் வாங்கித் தந்திருக்கார். என் பழைய வேலையெல்லாம் இருந்தா சட்டுனு ஆரம்பிச்சுடலாம்." கட்டிலடியில் இருந்த தன் பெட்டியிலிருந்து உள்ளங்கை அளவு டிஸ்க் ஒன்றை எடுத்து வந்து செருகினாள். "போன்ல சொன்னேனே?"

"கேக்கல."

"குட்டி பிடுங்கியிருப்பா."

எல்லாவற்றையும் ஒரே பிடியில் பிடித்து டிஸ்கில் போட்டாள். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்தது. அவள் தன் வேலையில் எப்போதும் போலச் சுறுசுறுப்பாக இருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு. பார்க்க அதே ஆள்தான்.

பச்சைக் கோடு முடிந்ததும் லிஃப்ட்காரர் எழுந்து வந்து, அவள் கைக்கு மேலாகக் குனிந்து, இரண்டு பட்டனை அமுக்கினார். வெளிறிய கூட்டம் வந்து நின்றது.

"இதெல்லாம் வரல" என்றார். "புள்ளி வச்சது. கண்ணுக்குத் தெரியாதது."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "பார்றா! இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"டாக்டர் சொன்னான். உன் பழக்கமெல்லாம் இதுலதான் இருக்காம். எடுத்துக்க."

"இது வெறும் செட்டிங்ஸ்ங்க. அங்க இருக்கிற மெஷின்ல புதுசா அதுவே உண்டாகிக்கும். ஏற்கெனவே உண்டாகியிருக்கும்." மறுபடி அமுக்கி மறைத்தாள். "இருங்க, உங்களுக்கு ஒண்ணு செஞ்சு தர்றேன். என் பேர்ல நீங்க ஏன் கஷ்டப்படணும்?"

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தாள். அவர் அதைப் பார்த்தார். திரும்பி வந்து தன் கணக்கிலிருந்து வெளியேறி, அவருக்கென்று புதிதாக ஒரு கணக்கு தொடங்கி அதற்குள் போனாள். நீலமாக, வெறுமையாக ஒரு திரை வந்தது. 'லிஃப்ட்' ஃபோல்டரை மட்டும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். மவுஸ் வலது கைக்கு. எழுத்து பெரிதாக.

"இந்தாங்க. வெள்ளையடிச்சுக் குடி போற வீடு மாதிரி இருக்கா? உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார். வலது கை மவுஸின் மேல் பதிந்தது. அம்பு சொன்ன இடத்துக்கு நேராகப் போயிற்று. அவருக்கு என்னவோ தடுக்கி விழுந்த மாதிரி இருந்தது.

"நல்லா இருக்குல்ல?"

"ம்."

"சரி, நகருங்க. என்னோடதை எடுத்துடறேன். இடமாவது மிஞ்சும்." நாற்காலியின் கைப்பிடியிலேயே பாதி உட்கார்ந்துகொண்டு, எங்கேயோ போய் எதையோ அமுக்கினாள். மெஷின் ஒரு கேள்வி கேட்டது. இந்த நபரின் கணக்கு நீக்கப்படும். அவருடைய கோப்புகளை வைத்திருக்கவா, அழித்துவிடவா? இரண்டு பட்டன், பக்கம் பக்கமாக.

லிஃப்ட்காரர் திரையின் மூலையில் மணியைப் பார்த்தார். ஐந்து தாண்டியிருந்தது. பெட்டி வரவில்லை. வராதுதான். அது அவள் கணக்கில் இருக்கிறது, இது வேறு கணக்கு. தெரிந்தும் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்லுவது இத்தனை நாளும் அவர் வேலையாக இருந்ததில்லை.

"வச்சிருன்னு போடேன்" என்றார்.

"எதுக்குங்க? எல்லாத்தையும் காப்பி எடுத்தாச்சே. ஒண்ணு விடல."

"இருக்கட்டுமே. நீ வந்து உக்காந்தா உனக்கு வேணுமில்ல?"

"வந்தா புதுசு ஒண்ணு போட்டுக்கறேன். ரெண்டு நிமிஷ வேலை. இப்ப உங்களுக்குப் போடலியா?"

லிஃப்ட்காரர் மேசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களிடம் பேசுகிற குரல் எப்படியோ வந்துவிட்டது. பதறாத குரல், கொஞ்சம் உரத்த குரல்.

"அவசரமில்ல. பொறுமையா யோசிச்சே சொல்லு. நீ இங்க வந்து இருப்பியா, மாட்டியா?"

அவள் திரும்பவில்லை. அம்பு இரண்டு பட்டனுக்கும் நடுவில் நின்றது. வலது கையைத் தூக்கி இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள், பேத்தி தூங்குகிற தோள். வாய் திறக்கப் போகிற மாதிரி மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சில்தான் அது தெரிந்திருக்க வேண்டும்.

"ஐயோ, பால்!"

கைப்பிடியிலிருந்து சறுக்கி இறங்கினாள். தீய்ந்த வாடை அதற்குள் அறைக்கே வந்துவிட்டது. திரையில் மெஷினின் கேள்வி, இரண்டு பட்டனோடு, அப்படியே நின்றது. தோளில் கிடந்த துண்டை உருவிக் கையில் சுற்றிக்கொண்டே, அவரைத் தாண்டி, அவள் அறையை விட்டு வெளியே போனாள்.